நாலு எழுத்து இடம்

என் கணவர் அழகர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். ஏரி குளங்களைக் கண்காணிக்கும் வாரியத்தின் திண்டுக்கல் கிளையில் அவர் இளநிலை உதவியாளர். எந்தக் குளம் எத்தனை அடி நிறைந்திருக்கிறது, எது மறுகால் பாய்கிறது, அதாவது நிறைந்து வழிகிறது என்று தினமும் எழுதி மேலே அனுப்புவது அவர் வேலை. அன்று அவர் முற்பகல் மட்டுமே பணியில் இருந்ததால் பிற்பகலுக்கு அரைநாள் தற்செயல் விடுப்பு கழித்துக்கொண்டார்கள். அந்த விடுப்புக்கான விண்ணப்பம் வரவில்லை என்று கருமாதிக்கு மறுநாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது.

விண்ணப்பத்தை நான் எழுதி அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. ஆனால் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாச் சான்றுகளும் சேர வேண்டும். அதற்குப் பிறகு கருணை காலாவதியாகிவிடும். நான் இறந்தவரின் மனைவிதான் என்றும், மறுமணம் செய்யவில்லை என்றும், எனக்கு வேறு வருமானம் போதவில்லை என்றும் நிரூபிப்பதற்கு இரண்டே கால் வருடம் ஆனது. மூன்றாவதை நிரூபிக்கத்தான் கொஞ்சம் சிரமப்பட்டேன். பி.ஏ. தமிழ் படித்தவள் என்பதால் ஊருக்குள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி. பிளஸ் ஒன் படிக்கும் மகள் கீர்த்தனாவுக்கும் எனக்கும் அதில் கிடைப்பது பாதி மாதத்துக்குத்தான் வரும் என்பதை ஒரு வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து, எங்கள் அரிசிப் பானையைத் திறந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்.

எல்லாம் சேர்ந்த வேளையில் வாரியம் ஒரு புதிய ஆணை போட்டது. இனி வேலைக்குச் சேரும் எவரும் நிரலாக்கத்தின் அடிப்படை தெரிந்தவராக இருக்க வேண்டும். அதுவும் தொடக்கக்காரர்களுக்கு எளிது என்று உலகம் சொல்லும் பைத்தான் மொழியில். வாரியத்தில் யாரும் நிரல் எழுதுவதில்லையே என்று கேட்டேன். எழுதத் தெரிந்தவர்கள்தான் எழுதாமல் இருக்க வேண்டும், தெரியாதவர்கள் எழுதாமல் இருப்பதை வாரியம் ஏற்காது என்று பதில் வந்தது.

மீதி ஒன்பது மாதம் இருந்தது.

எளியமொழி நிரலாக்கப் பயிற்சி நிலையம் பேகம்பூரில் ஒரு மாடியில் இருந்தது. கீழே ஜெய்தூன் பீவி என்பவரின் ஜெராக்ஸ் கடை. மேலே ஒரு கூடம் நிறைய இருபது கணினிகள். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், உறைக்கு மேல் சிவப்பு ரிப்பனுக்குள். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து ரிப்பனை வெட்ட வேண்டும். அவருக்குத் தேதி கிடைக்கவில்லை. ஆகவே பைத்தானை நாங்கள் ரெக்கார்டு நோட்டில் நீல மையால் எழுதிக் கற்றோம்.

முதல் நாள் நிலைய முதல்வர் ஆனந்த்ராஜ் எங்களை வரவேற்றுப் பேசினார். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். பங்குனி மாதம்.

“பைத்தான் மிக எளிய மொழி. ஆறாம் வகுப்புக் குழந்தை ஒரு வாரத்தில் கற்றுவிடும் என்கிறார்கள். ஒரு வாரத்தில் கற்றுவிட்டால் பிறகு நிலையம் எதற்கு, முதல்வர் எதற்கு, இங்குள்ள பதினொரு பணியிடங்கள் எதற்கு? அந்த அபாயத்தை உணர்ந்துதான் பாடத்தை எட்டு மாதத்துக்கு வடிவமைத்திருக்கிறோம்.”

பதினொரு பணியிடங்களில் கற்றுக்கொடுப்பவர் ஒருவர்தான். பழனிக்குமார் என்று பெயர், ஒட்டன்சத்திரத்துக்காரர். இதற்கு முன் தட்டச்சுப் பயிற்றுநராக இருந்தவர். கணினி உறைக்குள் இருப்பதில் அவருக்கும் வருத்தம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. நல்ல மனிதர்.

பைத்தானில் முதல் பாடம் ‘வணக்கம் உலகம்’ என்று திரையில் வரவைப்பது. பிரிண்ட் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் அந்த இரண்டு சொல்லையும் போட்டால் வந்துவிடும். பழனிக்குமார் அதைக் கரும்பலகையில் எழுதினார். மறுநாள் முதல்வர் அறையிலிருந்து குறிப்பு வந்தது. உலகம் இந்த நிலையத்தின் அதிகார வரம்புக்குள் வருகிறதா என்று அதில் கேட்டிருந்தது. வராதுதான். ‘வணக்கம் திண்டுக்கல் மாவட்டம்’ என்று மாற்றினோம். நிலையம் இரண்டு வட்டங்களுக்கு மட்டுமே உரியது என்று அடுத்த வாரம் தெரியவந்ததால், ‘வணக்கம் திண்டுக்கல் கிழக்கு மற்றும் மேற்கு வட்டங்கள்’ என்று மறுபடி எழுதினோம். கிழக்கை ஏன் முன்னால் போட்டீர்கள் என்று மேற்கிலிருந்து யாரோ மனுக் கொடுத்தார்கள். இரண்டு வட்டங்களுக்கும் தனித்தனி நிரல், தனித்தனி நோட்டு என்று முடிவானது. வணக்கம் சொல்லி முடிக்க ஏழு வாரம் ஆனது.

அடுத்தது மாறி. எக்ஸ் என்று ஒரு பெயர் வைத்து அதற்குள் ஐந்தைப் போடலாம், பிறகு ஆறைப் போடலாம். முதல்வர் நோட்டைப் பார்வையிட்டபோது ஒன்பதாம் பக்கத்தில் எக்ஸ் ஐந்தாகவும் பத்தாம் பக்கத்தில் ஆறாகவும் இருப்பதைக் கண்டுபிடித்தார். எது உண்மை, யார் திருத்தியது என்று விசாரித்தார். அது மாறும் என்பதால்தான் அதற்கு மாறி என்று பெயர் என்று பழனிக்குமார் விளக்கினார். மாறுவதில் ஆட்சேபம் இல்லை, ஆணை இல்லாமல் மாறியதுதான் ஆட்சேபம் என்றார் முதல்வர். அதிலிருந்து எக்ஸ் ஒவ்வொரு தடவை மாறும்போதும் நோட்டின் ஓரத்தில் ஓர் ஆணை எண் எழுதினோம்.

என் பக்கத்து இருக்கை ஆண்டிச்சாமி. இறந்துபோன அப்பாவின் வேலைக்காக வந்திருந்தார். அவர் எழுந்து, “சார், எக்ஸுக்கு அஞ்சுல என்ன கொறச்ச? அதுபாட்டுக்கு இருந்துச்சுல்ல?” என்றார்.

“நிர்வாக நலன் கருதி மாத்தியிருக்குதுங்க,” என்றார் பழனிக்குமார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. அதே நலன் கருதி மாற்றப்பட்ட அவர் பெண்டாட்டி வேலை பார்ப்பது பரமக்குடியில்.

ஐந்தாம் மாதம் நிபந்தனைப் பாடம் வந்தது. எனக்கு இந்த மொழி பிடித்துப்போனது அப்போதுதான். இஃப் என்று தொடங்கி ஒரு நிபந்தனை எழுதுகிறோம். குளத்தின் மட்டம் பதினாலு அடிக்கு மேல் இருந்தால், என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அடுத்த வரி. அந்த வரியை ஓரத்திலிருந்து தொடங்கக் கூடாது. நாலு எழுத்து அளவுக்கு இடம் விட்டுத் தொடங்க வேண்டும். வேறு மொழிகளில் இதற்கு அடைப்புக்குறி போடுவார்களாம். பைத்தானில் ஒன்றும் போடுவதில்லை. அந்த வெறும் இடமே சொல்லிவிடும், இந்த வரி எந்த வரிக்குக் கீழ்ப்பட்டது என்று.

“ஆபீசர் முன்னால பியூன் கொஞ்சம் தள்ளி நிப்பாருல்லீங்க, அந்த மாதிரி,” என்றார் பழனிக்குமார்.

எனக்கு அந்த உவமை தேவைப்படவில்லை. மெய்ப்புப் பார்ப்பவள் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை, எழுத்தில்லாத இடத்தையும் பார்ப்பவள். அஞ்சலிச் சுவரொட்டியில் பெயருக்கும் தேதிக்கும் நடுவே இடம் குறைந்தால் செத்தவர் இன்னும் அவசரத்தில் இருப்பதுபோல் தெரியும்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கக் கீழே போனேன். ஜெய்தூன் பீவி ஐம்பது வயதுக்காரர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மிஷினில் வைக்காமல் நிமிர்ந்தார்.

“பைத்தானா இது? மேல இதத்தான் அஞ்சு மாசமா கையால எழுதுறீகளா?”

ஆமாம் என்றேன்.

“இருபது மிஷின் மேல மூடிக் கெடக்கு. இங்க ஒன்னே ஒன்னு தொறந்து கெடக்கு. செத்த நேரம் உக்காரு.”

ரேஷன் கார்டு மனுக்களில் ஒரே தெருப் பெயரை ஒரு நாளைக்கு நாற்பது தடவை அடித்து அலுத்துப்போய், அதைத் தானாக அடிக்க வைப்பதற்காக இந்த மொழியைத் தாமே படித்துக்கொண்டவர் அவர். என்னை அடிக்கச் சொன்னார். நிபந்தனையை அடித்தேன். நாலு இடம் விட்டேன். அடுத்த வரியை அடித்தேன். மட்டம் எவ்வளவு என்று திரை கேட்டது. பதினைந்து என்று கொடுத்தேன்.

மறுகால் பாய்கிறது என்று வந்தது.

அழகர் பதினாறு வருடம் கையால் எழுதிய வரி அது. ஜெய்தூனக்கா வேறு யாருக்கோ ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்தார். அடுத்தடுத்த மூன்று சாயங்காலங்களில் அந்தக் கடையில் எட்டு மாதப் பாடத்தையும் முடித்தேன்.

மேலே அதே வாரம் தணிக்கை வந்தது. வந்தவர் எங்கள் நோட்டுகளைப் புரட்டி ஒரு பெரிய முறைகேட்டைக் கண்டார். பதினெட்டு நோட்டுகளில் நூற்று முப்பத்தொரு இடங்களில், வரியின் தொடக்கத்தில், நாலு எழுத்து அளவுக்கு வெற்றிடம் விடப்பட்டிருந்தது. அலுவலகப் பதிவு எதிலும் வெற்றிடம் இருக்கக் கூடாது. பின்னால் யாராவது அதில் எதையாவது நுழைத்துவிடலாம். சிவப்பு மையால் கோடிட்டு அடைத்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும் என்பது பழைய விதி.

முதல்வர் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். “உங்கள்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் நாலு எழுத்து என்பது சின்ன இடமா? நாலு எழுத்தில் ஒரு மனிதனின் பெயரையே எழுதிவிடலாம். தொகையையும் எழுதிவிடலாம். இப்படி இடத்தைத் திறந்துபோட்டு எழுதச் சொல்லும் மொழியை எந்த அரசாங்கம் ஏற்றது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஏற்றுவிட்டோம். இனி அதைத் திருத்துவதுதான் நம் கடமை.”

சிவப்புப் பேனாவும் அடிக்கோலும் வழங்கப்பட்டன. ஒவ்வொரு வெற்றிடத்திலும் கோடு கிழித்துச் சுருக்கொப்பம் வைத்தோம். என் சுருக்கொப்பம் அ.ம. அழகரின் அ, மலர்விழியின் ம. அன்றைக்கு முப்பத்திரண்டு தடவை வைத்தேன்.

பழனிக்குமாரிடம் தனியாகச் சொன்னேன். “சார், அந்த இடம் காலியா இருந்தாத்தான் ஓடும். அடைச்சா ஓடாது.”

“ஓடாதுங்க,” என்றார். “ஆனா நாம ஓட்டப் போறதில்லீங்களே.”

எட்டாம் மாதம் முடிந்து செய்முறைத் தேர்வுக்காகக் காத்திருந்தோம். பெரிய அதிகாரிக்குத் தேதி கிடைத்துவிட்டது. திறப்பு விழாவையும் தேர்வையும் ஒரே நாளில் வைத்தார்கள். என் மூன்று வருடம் முடியப் பத்து நாள் பாக்கி. என் நோட்டில் ஒரு வெற்றிடம்கூட இல்லை என்பதால் அதிகாரி முன்னால் நிரலை இயக்கிக் காட்ட என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

ரிப்பனை வெட்டினார்கள். உறையை உருவினார்கள். இருபது கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எட்டில் சந்தனம் இறங்கி ஏதோ ஒரு பொத்தான் ஒட்டிக்கொண்டது. எனக்கு வாய்த்தது நல்ல கணினி. முதல்வர் என் பின்னால் நின்று, நோட்டில் உள்ளது உள்ளபடி அடிக்கச் சொன்னார். சிவப்புக் கோட்டுக்கு விசைப்பலகையில் பொத்தான் இல்லை. பழனிக்குமார் குனிந்து, அந்த இடத்தில் நாலு சிறு கோடு போட்டு, என் சுருக்கொப்பத்தை ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னார். அடித்தேன். இயக்கினேன்.

திரையில் பிழைச் செய்தி வந்தது. சிவப்பு எழுத்தில், இரண்டு வரி.

“என்னங்க செவப்பா வருது?” என்று அதிகாரி கேட்டார்.

முதல்வர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “சிவப்பு மை இந்த நிலையத்தின் நடைமுறை, ஐயா. கணினியும் பின்பற்றத் தொடங்கிவிட்டது.”

அதிகாரி கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு கேசரியும் வடையும் இருந்த அறைக்குப் போனார்கள்.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு கோட்டையும் அ.ம.வையும் அழித்தேன். நாலு தடவை இடம் விட்டேன். மட்டம் எவ்வளவு என்று கேட்டது. பதினைந்து என்றேன். மறுகால் பாய்கிறது என்று கறுப்பு எழுத்தில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேசரிக் கிண்ணத்தோடு திரும்பி வந்த முதல்வரும் பார்த்தார்.

“இது யாருடைய அனுமதியில் ஓடுகிறது?” என்று கேட்டார்.

மறுநாள் எனக்குக் குறிப்பாணை கொடுத்தார்கள். ஒரே குற்றச்சாட்டு, நிரல் ஓடியது. விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. ஓடுவதற்காகத்தானே சார் எழுதுகிறோம் என்றேன். அவர் கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

“அம்மா, ஓடாத நிரலை நிலையம் திருத்தலாம். அதற்குக் குழு போடலாம், கால நீட்டிப்புக் கேட்கலாம். ஓடிவிட்ட நிரலை வைத்துக்கொண்டு நிலையம் என்ன செய்ய முடியும்? நீங்கள் எங்களை நிர்க்கதியாக விட்டுவிட்டீர்கள்.”

ஒரு வழி இருப்பதாகவும் சொன்னார். விளக்கக் கடிதம் ஒன்று எழுதித் தந்தால் சான்றிதழ் உண்டு. வாசகத்தை அவரே சொன்னார். ‘மேற்படி நிரலில் நான்கு எழுத்து அளவுக்கு விடப்பட்ட இடம் என் கவனக்குறைவால் விடப்பட்டது. அதற்குப் பொருள் ஏதும் இல்லை.’

யோசித்துச் சொல்கிறேன் என்று கீழே இறங்கினேன். ஜெய்தூனக்காவிடம் சொன்னேன்.

“ஒம்பது நாளு வச்சுக்கிட்டு என்னத்தம்மா யோசன?” என்றார். “எழுதிக் குடு. மிஷினு அந்தக் கடுதாசியப் படிக்கப் போறதில்ல. நாளைக்கும் நீ எடம் விட்டாத்தான் ஓடும்.”

“எனக்கு ஒரு மாதிரியா இருக்குக்கா.”

“இருக்கட்டும். வேலைக்குப் போயி, சம்பளத்த வாங்கிக்கிட்டு, அங்க வச்சு ஒரு மாதிரியா இரு.”

எழுதிக் கொடுத்தேன். சான்றிதழ் நாலாம் நாள் வந்தது. சிறப்புத் தேர்ச்சி. என் பெயருக்குப் பின்னால் மிச்சமிருந்த இடத்தைச் சிவப்புக் கோட்டால் அடைத்திருந்தார்கள்.

அழகர் இருந்த அலுவலகத்திலேயே வேலை கிடைத்தது. அவருடைய நாற்காலி கிடைக்கவில்லை. அதை என்ன செய்வது என்ற கோப்பு இன்னும் நடப்பில் இருப்பதால் நாற்காலியைச் சணலால் கட்டி மூலையில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பதிவறையில் இடம். குளங்களின் மட்டத்தை இன்னும் கையால்தான் எழுதுகிறார்கள். அந்த வேலையை நிரலே செய்துவிடும், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று கண்காணிப்பாளரிடம் சொன்னேன். நிரல் தெரிந்தவர் என்பதால் எனக்கு அதைவிடப் பொறுப்பான வேலை வைத்திருப்பதாகச் சொன்னார். சிவப்புப் பேனாவும் அடிக்கோலும் கொடுத்தார். ஆண்டுத் தணிக்கைக்கு முன் எல்லாப் பதிவேடுகளிலும் வெற்றிடங்களை அடைக்க வேண்டும்.

அடைத்தேன். எரியோடு குளம், ஆத்தூர் குளம், வறண்ட வருடம், வெள்ள வருடம், ஒன்றையும் விடவில்லை. கை பழகிவிட்டால் ஒரு நாளைக்கு இருநூறு பக்கம் போகலாம். மூன்றாம் வாரம் பணிப்பதிவேடுகளுக்கு வந்தேன். அழகருடையது முப்பத்தொன்றாம் பக்கத்தில் முடிகிறது. பணியில் இருக்கும்போது காலமானார், பிற்பகல் அரைநாள் தற்செயல் விடுப்பு. அதற்குக் கீழே அரைப் பக்கம் ஒன்றும் இல்லை.

அடிக்கோலை எடுத்து வைத்துப் பார்த்தேன். பிறகு அதை எடுத்துவிட்டுப் பதிவேட்டை மூடி, அடுத்ததை எடுத்தேன்.

தணிக்கைக்காரர் ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்த ஒன்றைச் சரியாகக் கண்டுபிடித்தார். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் தொழில். ‘பக்கம் 31, அரைப் பக்க வெற்றிடம் அடைக்கப்படவில்லை. காரணம் கூறுக.’ பதினைந்து நாளில் பதில் தர வேண்டும்.

‘மேற்படி இடம் வெற்றிடம் அன்று. அது அதற்கு மேலே உள்ள வரிக்குக் கீழ்ப்பட்டது’ என்று எழுதி அனுப்பினேன்.

பதில் திருப்திகரமாக இல்லை என்று திரும்பி வந்தது. அதையே மறுபடி எழுதினேன். மறுபடி வந்தது. இப்போது ஆறாவது தடவை. கோப்பு கனத்துக்கொண்டு போகிறது, கண்காணிப்பாளர் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார், என் முதல் ஊதிய உயர்வை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பதில் அனுப்பும் ஒவ்வொரு தடவையும் என் கடிதத்தின் ஓரத்தில் யாரோ சிவப்பால் ஒரு கோடு இழுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். நான் பத்தியை ஓரத்திலிருந்து தொடங்குவதில்லை. நாலு எழுத்துக்கு இடம் விட்டுத்தான் தொடங்குகிறேன்.